சேர்த்துவைக்க அவசரப்பட வேண்டாம்: குடும்ப வன்முறையும் எமது தேவாலயங்களும்

எமது வீடு ஒன்றில் அடி விழுகிறது என்ற செய்தி முதலில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் பொலிஸ் அல்ல, கொம்யூனும் அல்ல. பூசை முடிந்து கோப்பி ஊற்றும் மேசையடியில் அது வெளியே வரும். பாடகர் குழுப் பயிற்சி முடிந்து காருக்கு நடக்கும்போது வரும். செபக்கூட்டத்தில், "எங்கட வீட்டுக்காகவும் ஒருக்கா செபியுங்கோ அக்கா" என்று ஒருத்தி குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது வரும். அதைக் கேட்டவர் அடுத்து என்ன சொல்கிறார் என்பதில் அந்தப் பெண்ணின் பாதுகாப்பும் பிள்ளைகளின் பாதுகாப்பும் தங்கியிருக்கின்றன. அந்த இடத்தில் ஒரு தேவாலயச் சமூகம் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கோபன்ஹேகனுக்கு மேற்கே இருக்கும் அல்பர்ட்ஸ்லுண்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஹெர்ஸ்டெட்ஊஸ்டர், ஹெர்ஸ்டெட்வெஸ்டர் என்ற இரண்டு பழைய கிராமங்களைச் சுற்றி 1960களில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரம் இது. அந்த இரு கிராமங்களின் மத்தியகாலத் தேவாலயங்கள் இன்றும் இருக்கின்றன. இங்கர் எக்ஸ்னர், யொஹன்னஸ் எக்ஸ்னர் என்ற கட்டடக்கலைத் தம்பதியர் வடிவமைத்த உயிர்ப்புத் தேவாலயம் 1984இல் சேர்ந்துகொண்டது. நகரின் தெற்கில் வரிசை வரிசையாக முற்றத்து வீடுகள். தாழ்ந்த கூரை, தெருவைப் பார்க்காத சுவர், உள்ளே ஒரு சிறு முற்றம். குடும்பத்துக்குத் தனிமை வேண்டும் என்று நல்ல எண்ணத்தோடு கட்டப்பட்டவை. ஆனால் அந்தச் சுவருக்குள் என்ன நடக்கிறது என்பது நடைபாதையில் போகிறவருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்து வேலியென்றால் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எல்லாம் கேட்கும். இங்கே கேட்காது.

"இதெல்லாம் எங்கட ஆக்களுக்குள்ளதான்" என்று சிலரும், "எங்கட ஆக்களுக்குள்ள இதெல்லாம் இல்லை" என்று வேறு சிலரும் சொல்வதுண்டு. இரண்டும் பிழை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகவரகம் 2014இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், 15 வயதுக்குப் பின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானதாகச் சொன்ன பெண்கள் டென்மார்க்கில் 52 சதவீதம். ஒன்றிய நாடுகளிலேயே அதுதான் மிகக் கூடிய அளவு. இலங்கையில் 2019இல் நடந்த தேசிய ஆய்வில், வாழ்க்கைத் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாக ஐந்தில் ஒரு பெண் சொன்னார். இரண்டு ஆய்வுகளும் கேட்ட கேள்விகள் வேறு. எண்களை அருகருகே வைத்து யார் மோசம் என்று பார்க்க முடியாது. ஆனால் நாம் விட்டு வந்த நாட்டிலும் இது உண்டு, வந்து சேர்ந்த நாட்டிலும் உண்டு. நடுவில் இருக்கும் எமக்கு மட்டும் விதிவிலக்கு எங்கிருந்து வரும்?

டென்மார்க் தமிழரிடம் குடும்பம் பிரிவது பற்றி ஒரு தனிப் பயம் உண்டு. அதற்கு வரலாறும் உண்டு. 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்குப் புறம்பாக நிறுத்திவைத்தார். மனைவியும் பிள்ளைகளும் போருக்குள், கணவன் இங்கே குளிருக்குள் என்று வருடங்கள் கழிந்தன. அந்த விவகாரத்தில்தான் 1993 ஜனவரியில் போல் சுலூட்டரின் அரசே பதவி விலகியது. ஒன்றுசேர்வதற்கு இவ்வளவு பாடுபட்ட சமூகம், சேர்ந்த குடும்பம் பிரிவதை ஒரு தோல்வியாகப் பார்ப்பது விளங்கக்கூடியது. அந்தத் தோல்வியைத் தவிர்க்கும் பொறுப்பை எப்போதும் அடி வாங்குபவரிடமே கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் ஏற்கமுடியாதது. "கொஞ்சம் பொறுத்துப் போ பிள்ளை, அவருக்கும் வேலைக் கஷ்டம்" என்பது ஆறுதல் போலத்தான் கேட்கும். கேட்கிறவளுக்கு அது தீர்ப்பு.

எமது தேவாலயங்களில் மிகவும் பழகிப்போன உதவி, இருவரையும் ஒன்றாக இருத்திப் பேசிச் சேர்த்துவைப்பது. பங்குத்தந்தையோ பாஸ்ரரோ பங்குச் சபையில் மதிப்புள்ள ஓர் அண்ணையோ வீட்டுக்குப் போவார். இருவருக்கும் புத்தி சொல்வார். தேத்தண்ணி குடித்து, செபித்து, கை குலுக்கி வருவார். சாதாரணக் கணவன் மனைவி சண்டைக்கு இது நல்ல வழிதான். வன்முறைக்கு இது ஆபத்தான வழி. சண்டையில் இருவருக்கும் குரல் உண்டு. வன்முறையில் ஒருவருக்குப் பயம் இருக்கிறது, மற்றவருக்கு அந்தப் பயத்தின் மேல் அதிகாரம் இருக்கிறது. பயப்படுகிறவர் பயமுறுத்துகிறவருக்குப் பக்கத்தில் இருந்து உண்மை சொல்ல மாட்டார். சொன்னால், விருந்தினர் போன பின் அதற்கு விலை கொடுக்க வேண்டிவரும். சொல்லாவிட்டால், "பார்த்தியளோ, ஒண்டும் இல்லை" என்று ஆகிவிடும். அவள் யாரிடமோ வாய் திறந்திருக்கிறாள் என்ற செய்தியும் அன்றுதான் அவனுக்குத் தெரியவருகிறது. துணையை விட்டு விலக முடிவெடுக்கும் காலமும் விலகிய உடனான காலமுமே மிக ஆபத்தானவை என்பது இந்தத் துறையில் வேலை செய்வோர் எல்லோரும் அறிந்தது. கதவைத் தட்டிச் சமாதானம் பேசப் போகிறவர் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள்தான் கால் வைக்கிறார்.

"ஆனால் திருமணம் புனிதமானது அல்லவா?" என்ற கேள்வி வரும். கத்தோலிக்கருக்குத் திருச்சபையே பதில் வைத்திருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1153ஆம் விதி, துணைக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலோ மனதாலோ கடும் ஆபத்தை விளைவிப்பவரை விட்டு மற்றவர் விலகிச் செல்ல நியாயமான காரணம் உண்டு என்கிறது. தாமதித்தால் ஆபத்து என்றால் ஆயரின் ஆணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை, தானாகவே விலகலாம் என்றும் சொல்கிறது. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 1992இல் வெளியிட்ட மேய்ப்புப்பணி மடலில், வன்முறை நிறைந்த மணவாழ்வில் தொடர்ந்து இருக்கும்படி யாரும் எதிர்பார்க்கப்படுவதில்லை என்று தெளிவாக எழுதினார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் குடும்பம் பற்றி எழுதிய 'அமோரிஸ் லெத்தீசியா'வில், சில வேளைகளில் பிரிவு ஒழுக்க அடிப்படையிலேயே அவசியமாகிறது என்று குறிப்பிடுகிறார். இவை எதுவும் புதிய செய்தி அல்ல. எமது ஞாயிறு மறையுரைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

ஏனைய சபைகளில் பேச்சு வேத வசனத்தில் தொடங்கும். மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்பதற்கு எபேசியர் 5ஆம் அதிகாரத்தின் 22ஆம் வசனம் உடனே வரும். அதற்கு முந்திய வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியும்படி எல்லோரிடமும் கேட்கிறது. 25ஆம் வசனம், கிறிஸ்து சபைக்காகத் தன்னையே கொடுத்ததுபோல அன்புகூரும்படி கணவனிடம் கேட்கிறது. அடிக்கிற கையை அந்த வசனத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. இன்னுமொரு பகுதி 2 சாமுவேல் 13. தாவீதின் மகள் தாமாரை, அவள் தந்தைவழிச் சகோதரன் அம்னோன் கெடுக்கிறான். அதற்குப் பின் நடப்பதுதான் எமக்குப் பாடம். சொந்த அண்ணன் அப்சலோம் அவளைப் பேசாமல் இருக்கச் சொல்கிறான். தகப்பன் தாவீது கேள்விப்பட்டுக் கோபப்படுகிறார், வேறொன்றும் செய்வதில்லை. தாமார் அண்ணன் வீட்டில் ஒடுங்கிப்போகிறாள். தென்னாபிரிக்காவின் பீற்றர்மரிற்ஸ்பேர்க்கில் இயங்கும் உஜமா மையம் இந்தப் பகுதியை வைத்துப் பெண்கள் குழுக்களோடு வேதப்படிப்பு நடத்தத் தொடங்கியது. அது பின்னர் ஆபிரிக்கத் தேவாலயங்களிடையே பரவியது. எமது செபக்குழு ஒன்று ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். வாசித்துவிட்டு, இதில் யார் பேசுகிறார், யார் பேசாமல் இருக்கிறார் என்று மட்டும் கேட்டால் போதும். மிச்சத்தை வந்தவர்கள் பேசுவார்கள்.

சரி, ஒருத்தி சொல்லிவிட்டாள். கேட்டவர் என்ன செய்வது? முதலில் நம்புவது. ஆதாரம் கேட்பது பொலிஸின் வேலை. "நீ என்ன சொன்னனி, அவர் ஏன் அடிச்சவர்?" என்ற கேள்வியை விழுங்கிவிட வேண்டும். கேட்க வேண்டியவை வேறு: இன்றிரவு வீட்டுக்குப் போவது பாதுகாப்பா, பிள்ளைகள் எங்கே, நீ என்னோடு கதைப்பது அவருக்குத் தெரியுமா. பிறகு, அவள் என்ன விரும்புகிறாள் என்று கேட்பது. பல காலம் இன்னொருவர் முடிவெடுத்த வாழ்க்கையை வாழ்ந்தவளுக்கு நாமும் முடிவெடுத்துக் கொடுக்கக்கூடாது. உடனே விட்டுவிட்டு வா என்று நெருக்குவதும் ஒருவகை அதிகாரம்தான். உயிராபத்து என்றால் மட்டும் 112.

அடுத்தது வழி தெரிந்திருப்பது. டென்மார்க்கில் 1888 என்ற இலக்கத்தில், லெவ் உடன் வோல் என்ற தேசிய அமைப்பு 24 மணி நேரமும் தொலைபேசியில் ஆலோசனை தருகிறது. பெயர் சொல்லத் தேவையில்லை. பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, அவருக்காகக் கவலைப்படும் உறவினரோ பங்குத்தந்தையோகூட அழைத்து, "எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படி, நான் என்ன செய்யலாம்?" என்று கேட்கலாம். ஆண்களும் அழைக்கலாம், மனைவியிடம் அடி வாங்கும் ஆண்களும், மகனுக்குப் பயந்து வாழும் வயோதிபப் பெற்றோரும் எம்மிடையே இருக்கிறார்கள், அவர்களுக்கு வெட்கம் இன்னும் கூட. பெண்கள் காப்பகம், இங்குள்ளோர் கிறீசசென்ரர் என்று சொல்வது, சமூகசேவைச் சட்டத்தின் 109ஆம் பிரிவின் கீழ் கொம்யூன் வழங்க வேண்டிய உரிமை. ஒரு பெண் கொம்யூனிடம் அனுமதி வாங்காமல் நேரடியாகவே தொடர்புகொண்டு, விரும்பினால் பெயரை வெளியிடாமல், பிள்ளைகளோடு போகலாம். நாளொன்றுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். முடியாதவருக்குக் கொம்யூன் உதவலாம். அங்கே அவளுக்கும் பிள்ளைகளுக்கும் உளவளச் சிகிச்சை பெறும் உரிமை உண்டு. சொந்த ஊரில் உள்ள காப்பகத்துக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. எமது சின்னச் சமூகத்தில், தூரத்து ஊர் சில வேளை பாதுகாப்பானது.

காப்பகம் என்றதும் அநாதை மடம் போல எண்ணி அஞ்சுவோருக்கு ஒரு சிறு கதை. கோபன்ஹேகன் நான்சன்ஸ்கேடவில் உள்ள டனர் இல்லம், மன்னன் ஏழாம் பிரெடரிக்கின் மனைவியான டனர் சீமாட்டி ஏழைப் பெண்களுக்காக 1873இல் நிறுவிய அறக்கட்டளையின் கட்டடம். அதை விற்கப் பார்த்தபோது, 1979 நவம்பரில் பெண்கள் உள்ளே புகுந்து குடியேறி, பணம் திரட்டி வாங்கி, அடிபடும் பெண்களுக்கான காப்பகமாக்கினார்கள். இன்றும் அது இயங்குகிறது. டெனிஷ் பெண்களும் ஓடிப்போக இடம் தேடித்தான் இந்த வாசல்கள் திறந்தன.

எம்மவரை வாய் திறக்க விடாத இன்னொரு பூட்டு விசா. குடும்ப இணைவில் வந்தவளிடம், "பொலிஸுக்குப் போனால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவாங்கள்" என்று சொல்லியே வருடக்கணக்கில் அடக்கி வைப்பதுண்டு. கணவனோடு வாழ்வதை அடிப்படையாகக் கொண்ட அனுமதி, பிரிந்தால் கேள்விக்குள்ளாகலாம் என்பது உண்மை. ஆனால் வன்முறையால்தான் சேர்ந்து வாழ்வது முடிவுக்கு வந்தது என்றால், அனுமதியைப் பறிக்கும் முன் அதிகாரிகள் அதைக் கட்டாயம் கருத்தில் எடுக்க வேண்டும் என்று வெளிநாட்டவர் சட்டம் சொல்கிறது. தானாகக் கிடைக்கும் உத்தரவாதம் அல்ல இது, ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியாக எடைபோடப்படும். அங்கே ஆவணம் பேசும்: குடும்ப வைத்தியரின் பதிவு, அவசர சிகிச்சைப் பிரிவின் அறிக்கை, பொலிஸ் முறைப்பாடு, காப்பகத்தின் கடிதம். ஆகவே காயம் ஆறிவிட்டதே என்று வைத்தியரிடம் போகாமல் விடக்கூடாது. இதற்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போவது, பத்து செபமாலைக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க வேலை என்பது எமது எண்ணம்.

அடி மட்டுமே வன்முறை என்ற எண்ணமும் போக வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் டென்மார்க் குற்றவியல் சட்டத்தின் 243ஆம் பிரிவு, தொடர்ந்து இழிவுபடுத்திக் கட்டுப்படுத்தும் உளவியல் வன்முறையைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. தண்டனை மூன்று வருடச் சிறை வரை போகலாம். எமது வீடுகளில் அது எப்படி இருக்கும் என்று யோசித்தால் புரியும். அவளுடைய மிட்-ஐடி அவனுடைய கைத்தொலைபேசியில். சம்பளம் அவன் கணக்கில். டெனிஷ் வகுப்புக்குப் போக விடாமல் ஏதாவது காரணம். ஊரில் உள்ள தாயோடு கதைத்தால் பக்கத்தில் நின்று கேட்பது. இதையெல்லாம் "அவர் கொஞ்சம் கட்டுப்பாடானவர்" என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் எமக்குத் தெரிவு தரவில்லை. ஒரு பிள்ளையின் உடல்நலமோ வளர்ச்சியோ ஆபத்தில் இருப்பதாக அறிந்தவர் எவரும் கொம்யூனுக்கு அறிவிக்க வேண்டும். 2024 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த பிள்ளைகள் சட்டத்தில் இந்தக் கடமை இருக்கிறது, அதற்கு முன்னைய சட்டத்திலும் இருந்தது. பெற்றோருக்குப் பிள்ளையை அடிக்கும் உரிமையே 1997இல் இல்லாமல் போய்விட்டது. "அறிவிச்சா பிள்ளையளைப் பறிச்சுப் போடுவாங்கள்" என்ற பயம் எமக்குள் ஆழமானது. அறிவித்தல் கிடைத்தால், உடனடி உதவி தேவையா என்று கொம்யூன் 24 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். பிறகு விசாரிப்பார்கள், குடும்பத்துக்கு உதவி தரப் பார்ப்பார்கள். பிள்ளையை வீட்டிலிருந்து எடுப்பது கடைசிப் படி. ஞாயிறு பாடசாலையில் கற்பிப்பவர்களுக்கு வருடத்தில் ஒரு தடவையாவது இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஓவியத்திலும் பேச்சிலும் பிள்ளைகள் முதலில் காட்டுவது அவர்களிடம்தான்.

இனி, எமக்கு மிகக் கடினமானது: வாயை மூடிவைப்பது. செப விண்ணப்பம் என்ற பெயரில் எத்தனை இரகசியங்கள் ஊருலா போகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்லாமல், "அல்பர்ட்ஸ்லுண்டில ஒரு தங்கச்சி, ரெண்டு பிள்ளை" என்றாலே ஹேர்னிங்கில் இருப்பவருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும் அளவுச் சமூகம் நாம். கேட்டவர் ஒருவரிடமும் சொல்லக்கூடாது. பங்குத்தந்தையிடம் சொல்வதானாலும் அவளிடம் கேட்டுவிட்டே சொல்ல வேண்டும். காப்பகத்தில் இருப்பவள் ஒரு திருவிழாவுக்கு வந்திருந்தால், அன்றைய குழுப்படம் பேஸ்புக்கில் ஏறக்கூடாது. பங்கின் வட்ஸ்அப் குழுவில் கணவனும் இருப்பான் என்பது நினைவிருக்க வேண்டும். பெயரையும் முகவரியையும் மறைத்து வைக்கும்படி அவள் குடிசனப் பதிவில் கேட்டிருப்பாள். எமது பிறந்தநாள் பட்டியலும் காணிக்கைக் கடித உறையும் அந்த முகவரியை அம்பலப்படுத்திவிடலாம். மொழிபெயர்ப்புக்குத் தெரிந்த தமிழரைக் கூட்டிப்போவதையும் தவிர்க்க வேண்டும், பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்ப்பிப்பது அதைவிட மோசம். தன்னை அறியாத, வேறு ஊரில் இருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் தரும்படி அவள் கேட்கலாம்.

அடித்தவனை என்ன செய்வது? அவனும் எமது பங்கின் ஆள்தான். போரையும் சிறையையும் கண்டு வந்தவனாக இருக்கலாம், அதற்காக இரங்கலாம். ஆனால் அதே போரைக் கண்டு வந்து மனைவியைத் தொடாத ஆண்கள் எம்மிடையே ஏராளம். மனம் வருந்துகிறேன் என்று கண்ணீரோடு சொன்னால் போதாது; சாட்சி சொல்ல மேடை கொடுப்பது இன்னும் பிழை. டயலோக் மோட் வோல் என்ற அமைப்பு 2002 முதல் வன்முறை செய்பவர்களுக்கே சிகிச்சை அளித்து வருகிறது. அங்கே போ, தொடர்ந்து போ, அதுவரை வாசகம் வாசிப்பதும் பாடகர் குழுவை நடத்துவதும் வேண்டாம் என்று சொல்லும் துணிவு சபைக்கு வேண்டும். மன்னிப்பதா இல்லையா என்பது அவளுடைய விஷயம், அவளுக்கான காலத்தில். வழமையாக நடப்பது தலைகீழ். பிரிந்த பின் அவள் பூசைக்கு வராமல் போய்விடுகிறாள்; அவளது இருக்கை காலி. அவன் முன்வரிசையில் நிற்கிறான், எல்லோரும் அவனுக்காகப் பாவப்படுகிறார்கள். இருவரும் ஒரே தேவாலயத்தில் இருக்க முடியாது என்றால், வேறு பூசைக்குப் போக வேண்டியவர் யார் என்பதைச் சபை யோசிக்க வேண்டும்.

செய்யக்கூடியவை பெரும்பாலும் சின்ன வேலைகள். நம்பத்தகுந்த இரண்டு பெண்கள், ஓர் ஆண் என்று பெயர் குறித்து வைப்பது. அவர்கள் ஒரு தடவை 1888ஐ அழைத்து விசாரித்துப் பழகி வைத்திருப்பது. ஒரு பையைத் தமது வீட்டில் வைத்துக்கொடுப்பது: கடவுச்சீட்டு, வதிவிட அட்டை, மஞ்சள் மருத்துவ அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருந்து, கொஞ்சக் காசு. இரவில் கார் ஓடக்கூடிய ஒருவர். காப்பகத்திலிருந்து புது வீட்டுக்கு மாறும்போது கட்டில், சட்டி பானை. அதற்குப் பின் வரும் முதல் நத்தார் இரவு, அவளும் பிள்ளைகளும் தனியே இருக்காமல் ஒரு சாப்பாடு. அருகிலுள்ள டெனிஷ் பங்கின் போதகரையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. அவருக்கு எமது உறவுமுறை எதுவும் தெரியாது என்பதே பல பெண்களுக்கு அவரிடம் பேச வசதியாக இருக்கும்.

தேவாலயத்துப் பெண்கள் கழிவறைக் கதவின் உட்பக்கத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டலாம். கணவன் பின்னால் வராத ஒரே இடம் அது. தமிழில் நாலு வரி, கீழே கிழித்தெடுக்கச் சிறு துண்டுகள். துண்டில் இலக்கம் மட்டும் இருக்கட்டும், வேறு எழுத்து வேண்டாம். கைப்பையைச் சோதிக்கிறவன் கண்ணில் பட்டாலும் ஏதோ ஓர் இலக்கம் என்று போகும். அழைப்பதற்கு அவளது தொலைபேசியை விட, மேலே பெயர் குறித்த இரண்டு பெண்களில் ஒருவருடையது பாதுகாப்பு. மாதம் ஒரு தடவை யாராவது போய், எத்தனை துண்டுகள் குறைந்திருக்கின்றன என்று பார்த்துப் புதிது ஒட்டிவிட்டு வர வேண்டும்.